பங்கேற்பாளர் ஒன்று

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகம் சுளிப்பாய். போனில் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் உடனே அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இத்தனை ஆண்டுகளில் அந்தப் பால் எத்தனை தடவை பொங்கியதோ! காகிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் செல்லப்பிள்ளை வளர்ந்துகொண்டே போகிறான். போன மாதம் வாங்கிய கால்சட்டை இந்த மாதம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. சித்தி எப்போது வருவாள் என்று என்னைத்தான் நச்சரிக்கிறான். உன் அத்தானுக்கு முதுகுவலி. மருத்துவர் சொன்ன பயிற்சிகளை அலுவலகத்தில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார். தான் மட்டும் செய்வதில்லை.

நான் மாலை வகுப்புக்குப் பாடம் நடத்தத் தொடங்கி இது இரண்டாவது பருவம். முதல் பருவத்தில் நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லவில்லை. குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டு போய், பலகையைப் பார்த்தபடியே கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் துறையின் மூத்த ஆசிரியை கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும், "பலகைக்கு நல்லாவே புரிஞ்சிருக்கும்மா. நாளையிலேர்ந்து பிள்ளைங்களுக்கு நடத்து" என்றார். அன்று கழிப்பறையில் போய் அழுதேன். மறுநாள் முதல் பலகைக்கு முதுகைக் காட்டிப் பழகினேன். இப்போது ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு தாளில் நாலு வரி மட்டும் எழுதிக்கொண்டு போகிறேன். மீதியை முகங்களைப் பார்த்துச் சொல்ல வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஆய்வு எதைப் பற்றி என்று உனக்குத் தெரியும். பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலைக் கல்லூரியில் படிக்கும் பெண்கள் எப்படி விடாமல் படிப்பைத் தொடர்கிறார்கள் என்பது. கடைசி ஆண்டு மாணவிகளைத் தேடித்தேடிக் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் குடும்பம் துணை நின்றது என்றார்கள். அட்டவணைகள் அழகாக வந்தன. என் நெறியாளருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. காற்புள்ளிக்காரர் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறோமே, அவரேதான். முந்நூறு பக்கத்தில் காற்புள்ளிகளை மட்டும் இடம் மாற்றிவிட்டு, மாதக் கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடு என்றார். சமர்ப்பித்தால்தான் இங்கே காலியாக உள்ள நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு நான் விண்ணப்பிக்க முடியும்.

போன வாரம் வகுப்பில் ஆய்வு முறைகள் பாடம். எடுத்துக்காட்டுக்கு வேறு எங்கும் போகாமல் என் ஆய்வையே பெருமையாக விளக்கினேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி இருக்கிறாள். கடைப்பையோடு எப்போதும் மூச்சிரைக்க வந்து சேருவாள். அவள் எழுந்து, "மேடம், தொடர்ந்து படிக்கிறவங்களைத்தானே கேட்டிருக்கீங்க. நின்னு போனவங்களை யாராவது கேட்டாங்களா? அவங்களுக்கும் குடும்பம் துணையா இருந்திருந்தா?" என்றாள்.

நீயே சொல், வாலு. நின்றுபோனவர்களுக்கும் குடும்பம் துணை நின்றிருந்தால் என் முடிவு என்ன ஆவது? நான்கு ஆண்டுகளாக இது என் மண்டைக்கு எட்டவில்லை. எட்டியது வேலை முடிந்து ஓடி வந்த ஒரு பெண்ணுக்கு. எனக்குத் தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். பாடம் நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து நான் சொன்னவற்றில் உருப்படியான வாக்கியம் அதுதான் என்று தோன்றுகிறது.

நெறியாளரிடம் போனேன். 'ஆய்வின் வரம்புகள்' என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்துவிடு, யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எனக்கு மனம் ஒப்பவில்லை. நின்றுபோனவர்களைத் தேடிப் போய்க் கேட்கப்போகிறேன். உன் அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில்.

ஏனென்றால் நின்றுபோனவர்களில் எனக்குத் தெரிந்த முதல் ஆள் நீ. எங்கள் வீட்டில் தங்கி இதே கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தாய். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் புத்தகப்பையைப் பரணில் போட்டாய். நான் ஆய்வில் சேர்ந்த ஆண்டு அது. குழந்தைக்கு மூச்சிளைப்பு வந்து வந்து போன ஆண்டும் அதுதான். நான் நூலகத்தில் இருந்தேன், நீ அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் நீ சொல்லிக் கேட்க வேண்டும். ஏன் நின்றாய்?

ஆய்வில் உன் பெயர் வராது. 'பங்கேற்பாளர் ஒன்று' என்றுதான் வரும். பயப்படாமல் எழுது. எது எழுதினாலும் தாங்கிக்கொள்வேன்.

உனக்கு எல்லா நலமும் சேரட்டும்.

உன் அக்கா

*

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையை வாசலுக்கு நேரே மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க எதிர்வெயில் முகத்தில் அடிக்கிறது. கண் மருத்துவமனையில் இருந்துகொண்டு கண் கூசுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பால் பொங்கவில்லை. உட்கார்ந்து முழுதும் படித்தேன். பிறகு சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. இரண்டையும் எழுதுகிறேன்.

அக்கா, உலகத்தில் நடப்பதற்கெல்லாம் நீதான் காரணம் என்று நினைக்கிற புத்தி சின்ன வயதிலிருந்தே உனக்கு உண்டு. நான் மிதிவண்டியிலிருந்து விழுந்தாலும் நீ பின்னால் பிடிக்காததால்தான் என்று நீயே அழுவாய். எனக்கு அழ வாய்ப்பே தரமாட்டாய். இப்போதும் காரணத்தை நீயே எழுதிவிட்டு என்னைக் கையெழுத்து மட்டும் போடச் சொல்கிறாய். அந்தப் பெண்களிடமும் இப்படித்தான் கேட்டாயா? குடும்பம் துணையா இருந்துச்சாம்மா என்று நீ கேட்டால் யார் இல்லை என்பார்கள்?

குழந்தையால் நான் நிற்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தது எனக்குப் பிடித்திருந்தது. வகுப்புக்குப் போகும் நேரத்துக்கு அத்தான் அலுவலகத்திலிருந்து ஓடி வந்துவிடுவார். போ போ, நேரமாச்சு என்று என்னை விரட்டுவார். குடும்பம் துணையாகத்தான் இருந்தது. உன் அட்டவணையில் என்னை அந்தப் பக்கம் போட்டுக்கொள்.

நான் நின்றது வேறு விதமாக. எங்களுக்குப் புள்ளியியல் எடுத்தவர் பழைய குறிப்பேட்டைப் பார்த்து வாசிப்பார். நாங்கள் எழுதுவோம். ஒரு நாள் சராசரி எதற்கு, அது யாருடைய கணக்கு என்று எழுந்து கேட்டேன். அதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்காரு என்றார். உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போகவில்லை. திரும்பிப் போனபோது நான் வராததும் அவருக்குத் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. வருகைத்தாளைச் சுற்றுக்கு விடுவார்கள் அல்லவா, பக்கத்து இருக்கைக்காரி எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். தாளின்படி எனக்குக் காய்ச்சலே வரவில்லை.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் ஒரு எண்ணம். நாளை முதல் போகாமல் இருந்து பார்ப்போம், யாராவது தேடுகிறார்களா என்று. அவ்வளவுதான். ஒரு வாரம் என்றுதான் நினைத்தேன். அது ஒரு மாதம் ஆகி, பிறகு போக வெட்கமாகிவிட்டது. அந்தப் புண்ணியவதி பருவம் முடியும்வரை எனக்காகக் கையெழுத்துப் போட்டாளாம். நான் கூடத்தில் உட்கார்ந்து உன் பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன், வகுப்பிலும் இருந்தேன்.

யாரும் தேடவில்லை, அக்கா. இத்தனை ஆண்டு கழித்து நீதான் முதலில் தேடியிருக்கிறாய், அதுவும் ஆய்வுக்காக.

எழுதிவிட்டேன். அழாதே. அழுதால் அதற்கும் நீதான் காரணம். எல்லா இடத்திலும் உனக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவள் நான். உன் ஆய்விலாவது ஒன்றாம் எண் கிடைத்ததே, அதை யாருக்கும் மாற்றிக் கொடுத்துவிடாதே.

எடுத்த காரியத்தை விடாதே. உனக்கு அது நல்லபடி முடிய வேண்டும்.

உன் வாலு

*

அன்புள்ள வாலுவுக்கு,

அழுதேன். நீ சொல்லி நான் எதைத்தான் கேட்டிருக்கிறேன்?

ஆனால் உட்கார்ந்துவிடவில்லை. முதல் வேலையாக என் கேள்விகளை எடுத்துப் படித்தேன். நீ சொன்னது சரி. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக்கொண்டுதான் அலைந்திருக்கிறேன். பழைய வினாப்பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இப்போது முதல் கேள்வி, 'நீங்கள் கடைசியாக வகுப்புக்குப் போன நாளைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். இதுவரை நின்றுபோன ஒன்பது பேரைப் பார்த்துவிட்டேன். ஒருத்தி துணிக்கடையில் நின்றுகொண்டே பேசினாள். ஒருத்தி முதலில் கதவையே திறக்கவில்லை, மறுபடி போனதும் திறந்தாள். பணக்கஷ்டம் சொன்னவர்கள் உண்டு, வீட்டுத் தடை சொன்னவர்களும் உண்டு. ஆனால் உன் கதையை வேறு வேறு வார்த்தைகளில் சொன்னவர்கள் ஐந்து பேர். தேடுவார்கள் என்று காத்திருந்தவர்கள்.

நெறியாளரிடம் இந்த மாதம் சமர்ப்பிக்கவில்லை என்று சொன்னேன். வேலை கையை விட்டுப் போகும், தெரிந்துதான் பேசுகிறாயா என்று எகிறினார். தெரிந்துதான் சார் என்றேன். விண்ணப்ப நாள் நேற்றோடு போய்விட்டது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். உன் அத்தான், அடுத்த தடவை பாத்துக்கலாம், இப்ப இதை ஒழுங்கா முடி என்று சொல்லிவிட்டு, என்ன நினைத்தாரோ, அன்று முதுகுப் பயிற்சியைச் செய்தார்.

புதிய அத்தியாயத்தில் பத்துப் பக்கம் எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். 'கண்டறியப்பட்டது', 'கருதப்படுகிறது' எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, நான் போனேன், கேட்டேன், இவர் இப்படிச் சொன்னார் என்று எழுதியிருந்தேன். தாள்கள் திரும்பி வந்தன. ஒரு காற்புள்ளியைக்கூட அவர் தொடவில்லை. ஒரே ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டு, 'இதிலிருந்து தொடங்கு' என்று எழுதியிருந்தார். 'யாராவது தேடுகிறார்களா என்று பார்ப்பதற்காகப் போகாமல் இருந்தேன்: பங்கேற்பாளர் ஒன்று.' உன் எண் பத்திரமாக இருக்கிறது.

வருகைத்தாளை இப்போது சுற்றுக்கு விடுவதில்லை. ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு முகத்தைப் பார்க்கிறேன். பாட நேரம் கொஞ்சம் போகிறது, போகட்டும். போன வாரம் அந்த மருந்துக்கடைப் பெண் இரண்டு வகுப்புக்கு வரவில்லை. போன் செய்தேன். கடையில் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்களாம், இனி வர முடியாது என்று நினைத்தாளாம். மேடம் நீங்களா கூப்பிட்டீங்க என்று மூன்று தடவை கேட்டாள். வேறு நேரத்து வகுப்புக்கு மாற்றிக் கொடுத்தோம். திங்கட்கிழமை அதே பையோடு, அதே மூச்சிரைப்போடு வந்து உட்கார்ந்தாள்.

இப்போது அக்கா கேட்கிறேன், ஆய்வாளர் இல்லை. விசாரித்துவிட்டேன். உன் ஊரிலும் மாலைக் கல்லூரி இருக்கிறது, மருத்துவமனையிலிருந்து பேருந்தில் சிறிது தூரம்தான். அடுத்த பருவத்துக்குச் சேர்க்கை நடக்கிறது. நீ முடித்த முதல் ஆண்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வயதாகிவிட்டது என்று சொல்லாதே, என் வகுப்பில் பேரன் எடுத்தவர்கூட இருக்கிறார். விருப்பமில்லை என்றால் விட்டுவிடு, வற்புறுத்தமாட்டேன். ஆனால் வெட்கம்தான் தடை என்றால், அதை நீ சுமந்தது போதும். வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். சராசரி யாருடைய கணக்கு என்று மறுபடி எழுந்து கேள். உட்காரச் சொன்னால் உட்காராதே.

சேர்ந்தால் உன் கால அட்டவணையை எனக்கு அனுப்பு. இத்தனை தூரத்திலிருந்து நான் வேறு என்ன செய்ய முடியும்? வகுப்பு முடிகிற நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் கூப்பிடுவேன். பால், அடுப்பு எதுவும் செல்லாது. நீ ஒரு நாள் போகாவிட்டால், மறுநாள் ஏன் போகவில்லை என்று கேட்க நான் இருக்கிறேன்.

நன்றாகப் படி.

உன் அக்கா