சம்மதம் என்று சொல்லிவிடு

அன்புள்ள என் வீட்டு அதிகாரிக்கு,

நானும் மகளும் நலம். தலைமை அலுவலகப் பயிற்சியில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "ஆச்சுங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

மகள் கணக்கில் தேறிவிட்டாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. என் சமையலைச் சாப்பிட்டு உன் மாமியார் உன்னை மெச்ச ஆரம்பித்துவிட்டாள்.

நேற்று ஆலையில் பர்சனல் ஆபீசர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொழிற்சாலை மேனேஜர் பதவி உனக்கே என்று முடிவாகி ஒரு வாரம் ஆகிறதாம். நீதான் இன்னும் சம்மதம் சொல்லவில்லையாம். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து உளறிவிட்டார், பாவம். என்னிடம் "இன்னும் ஒண்ணும் முடிவாகலைங்க" என்றாயே, கள்ளி!

காரணமும் புரிந்தது. மனைவிக்குக் கீழே கணவன் ஒரே ஆலையில் வேலை பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. நீ மேனேஜர் ஆனால், நான் சோப்புக் காய்ச்சும் பிரிவை விட்டு ஊர்க்கோடிக் கிடங்குக்குப் போக வேண்டும். அதற்குத்தானே தயங்குகிறாய்? கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். கொதிக்கிற சத்தத்திலேயே பதம் சொல்கிறவன், அட்டைப்பெட்டிகளோடு என்ன பேசுவேன்?

ஆனால் சோப்புக்கு உறை சுற்றும் மேஜையில் சேர்ந்தவள் நீ. அங்கிருந்து தரச் சோதனை, பிறகு உற்பத்தி என்று படிப்படியாக ஏறினாய். யாரும் தூக்கிவிடவில்லை. போன மாதம் மீட்டிங்கில் நீ பேசியபோது, கடைசி வரிசையிலிருந்து "இவ என் பொண்டாட்டி" என்று கத்த வேண்டும்போல இருந்தது. பக்கத்திலிருந்த ஃபிட்டர் காதில் மட்டும் சொன்னேன். "தெரியும்ணே, நாலாவது தடவையா சொல்றீங்க" என்றான்.

இன்று காலை மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நீ மட்டும் என்னைக் கேட்டாயா? "அண்ணிக்குக் கீழ வேலை பார்க்க உங்களுக்குக் குடுத்து வைக்கலையே" என்று பிரிவே கேலி செய்கிறது. வீட்டில் பார்ப்பது போதாதா என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாம். எனக்காக மறுத்துவிட்டால், மேனேஜர் அறையைத் தாண்டும்போதெல்லாம் கதவில் வேறொருவர் பெயரை நான் படித்துக்கொண்டே போக வேண்டும். அதைத்தான் என்னால் தாங்க முடியாதம்மா.

நீ நன்றாக இருப்பாய். சம்மதம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் 'ஏங்க'