நூறு வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற உன் குறைமாதப் பிள்ளையும் நேற்றைக்கு இன்று தேவலை. போனில் நீ கத்துகிற தெம்பைப் பார்த்தால் உன் சுகத்துக்கும் குறைவில்லை. என்னைப் பேச விட்டால்தானே சொல்வதற்கு, அதனால் எழுதி உன் தங்கையிடம் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், முழுதும் படி.

பிள்ளைக்கு ஆக்சிஜன் தொண்ணூற்றிரண்டுதான் காட்டுகிறது, நூறுக்கு ஏற்றச் சொல் என்று வீடியோவில் குதித்தாயே, உன் அப்பாவுக்கு அது போதாதா? ஆயுசெல்லாம் வெல்டிங் பட்டறையில் சிலிண்டர் திருகினவர், நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் நேராகப் போய் ஆக்சிஜனைக் கூட்டுகிற குமிழில் கை வைத்துவிட்டார். நல்லவேளை, அவள் பார்த்துக் கையைப் பிடித்துவிட்டாள். எனக்கு மானம் போயிற்று. அவளோ கோபிக்காமல் எங்களை உட்கார வைத்துச் சொன்னாள். வயிற்றுக்குள் பிள்ளைக்கு ஆக்சிஜன் கொஞ்சம்தான் கிடைக்குமாம், பிறந்ததும் ஒரேயடியாக ஏறிவிடுமாம். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிற அதே ஆக்சிஜன்தான், அளவுக்கு மிஞ்சினால் நுரையீரலையும் கெடுக்கும், உங்களுக்குத் தெரியாததா என்று அப்பாவையே கேட்டாள், அவர் தலையைச் சொறிந்தார். அதைத் தடுக்கிற ஆன்டிஆக்சிடன்ட் காவலை நுரையீரல் கடைசி வாரங்களில்தான் தயார் செய்துகொள்ளுமாம், இவன் அதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டான், உன் பிள்ளை வேறெப்படி இருப்பான். “நூறு வேணாம்மா, இவனுக்கு இப்போ தொண்ணூத்திரெண்டே நல்ல மார்க்கு” என்றாள். எனக்கும் பயம்தான், அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதையே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்காக அவர்கள் வேலையில் கை வைக்கலாமா? நீ மறுபடி கத்தினால் இவர் மறுபடி கை நீட்டுவார், பிள்ளையின் நுரையீரலுக்கு ஒன்று ஆனால் அப்புறம் யாரைக் குறை சொல்வாய்?

இன்னொன்று. இத்தனை போனில் உன் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? ஆபரேஷன் வலியோடு படுத்திருக்கிறவள், நீ போனை வைக்கும்போதெல்லாம் என் முகத்தையே பார்க்கிறாள். நேற்று, “என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா அத்தை?” என்றாள். கேட்காமலா, சாப்பிட்டாளா தூங்கினாளா என்று துளைத்துவிட்டான் என்று வாய் கூசாமல் சொன்னேன். பிள்ளை பெற்ற பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

நீங்கள் மூன்று பேரும் நல்லபடியாக ஒரு கூரையின் கீழ் சேர வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். நேரத்துக்குச் சாப்பிடு. இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உனக்காகப் பொய் சொன்ன
அம்மா