வாசலுக்கு வெளியே ஒரு கல்

உங்களைப் பதுளையில் வாசிக்க விடாமல் தடுத்தவள் நான்தான் என்று இந்த ஊர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கான்வென்டில் படித்தவள், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு வாழ்க்கைப்பட்டதை மறைக்கப் புருஷனை ஊர்ப்பக்கமே அண்டவிடவில்லையாம். அது பொய். நீங்கள் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருப்பேன். என் வாயை அடைத்தவர் நீங்கள். இப்போது சொல்கிறேன்.

இன்று காலை பின்வீட்டில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைப் போட்டு அடுப்பு மூட்டினார்கள். அந்தப் புகை ஜன்னல் வழியே வந்ததும் சுவரில் தொங்கும் உங்கள் தப்புப் பறையைத் திரும்பிப் பார்த்தேன். அதைக் காய்ச்ச வேறு விறகு உதவாது என்பீர்கள். அப்போது நாம் இருந்த கொழும்பு மாடி வீட்டுக்கும் நமுனுகுலத் தோட்டத்திலிருந்து குச்சிக்கட்டு வந்தது. படிக்கட்டில் நெருப்பு மூட்டித் தோலை வாட்டி, விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பீர்கள். கீழ்வீட்டு அம்மாள், "தீப்பிடிச்சிருச்சா?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். சென்னையில் சினிமாப் பாட்டு ஒலிப்பதிவுக்குப் போனபோதும் கூடத்தின் முற்றத்தில் உங்களுக்காக நெருப்பு எரிந்தது. பறையைக் காய்ச்சியதும் மரியாதையாக உள்ளே அழைத்துப் போனார்கள்.

வெளியே நிற்கச் சொன்னது உங்கள் சொந்த ஊர் மட்டும்தான்.

நீங்கள் பேர் எடுத்த பிறகு வந்த முதல் தேர்த் திருவிழா அது. நோட்டீஸில் சாமி படத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியதாக உங்கள் படம். உங்கள் அப்பா வருஷந்தோறும் தோட்டத்திலிருந்து நடந்து வந்து, கோயில் வாசலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் நின்று தப்பு அடித்தவர். நாதஸ்வரமும் தவிலும் உள்ளே போகும், தப்பு போகாது. அதுதான் வழக்கம். உங்களை அழைத்தபோது அந்த வழக்கம் ஒழிந்துவிட்டதென்று நாம் இருவரும் நம்பினோம். போய்ப் பார்த்தால், கோயில் கமிட்டிச் செயலாளர் அதே இடத்தில் சிவப்புக் கம்பளம் விரித்து மைக் வைத்திருந்தார்.

"அண்ணே, இங்கேயே வாசிச்சிருங்க. ஒங்கப்பா நின்ன எடம். அதுக்காகத்தான் பார்த்துப் பார்த்து வச்சோம்."

"உள்ள யாரு?"

"உள்ள நாதஸ்வர கோஷ்டி இருக்காங்கண்ணே."

அந்த மனிதர் அதை உங்களுக்குச் செய்யும் கௌரவம் என்றே நினைத்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

காய்ந்துகொண்டிருந்த தப்பை எடுத்துத் தோளில் மாட்டினீர்கள். நெருப்பில் செம்புத் தண்ணீரை ஊற்றினீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்து, "வாசிச்சிட்டே போவோங்க, தோட்டத்து சனமெல்லாம் வந்து நிக்குது" என்றேன். இந்த ஊர் கேட்டுக்கொள்ளட்டும்: வாசிக்கச் சொன்னவள் நான்.

"டீச்சர்," என்றீர்கள். எனக்கு நீங்கள் கேலியாக வைத்த பெயர் அது. "அப்பா வேற எடம் இல்லாம நின்னாரு. எனக்கென்ன தலையெழுத்து? வாங்க, பஸ்ஸு போயிரும்."

பஸ் நிலையம் வரை பேச்சு நம்மைத் துரத்தியது. "கொழும்புக்குப் போனதும் திமிரப் பாரு" என்றான் ஒருவன். "அவரு இல்லப்பா, அந்த அம்மா. கோயில் மண்ணு பட்டா சேலை அழுக்காயிருமாம்" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் உங்களோடு சண்டை பிடித்தேன். "உண்மையச் சொல்லுங்க, இல்லன்னா நான் சொல்றேன்" என்றேன்.

"சொன்னா, தப்புக்காரன உள்ள விடலன்னு பேப்பர்ல போட்டுருவாங்க. நம்ம லயத்துப் பிள்ளைங்க ஸ்கூல்ல தலைநிமிர முடியாது. விடுங்க."

விட்டீர்கள். பெருந்தன்மை உங்களுக்கு, ஏச்சு எனக்கு. சந்தையில், கல்யாண வீட்டில், உங்கள் சாவு வீட்டில்கூட அதைக் காதில் வாங்கினேன். அதற்காக உங்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு.

இப்போது செத்துவிட்டீர்கள் அல்லவா, ஊருக்கு உங்கள்மேல் அன்பு பொங்குகிறது. நேற்று கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். இப்போதைய செயலாளர் அந்தப் பழையவரின் மகன்; அப்பாவின் சிரிப்பு அப்படியே இருக்கிறது. உங்களுக்கு நினைவுக்கல் வைக்கிறார்களாம். கலரில் வரைந்த படத்தை என் மேசையில் விரித்தான்.

"பெரியம்மா, ஐயாவோட தப்பையும் தந்தீங்கன்னா கல்லுக்குப் பக்கத்துலயே கண்ணாடிப் பெட்டியில வச்சிருவோம்."

"கல் எங்கே வருது?"

விரலை வைத்துக் காட்டினான். வாசலுக்கு வெளியே. செருப்பு விடும் இடம்.

"பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியும் பெரியம்மா. ஐயாவோட அப்பா நின்ன எடமாம், எங்கப்பாதான் சொன்னாரு."

தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்களை ஏசி அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. எழுதும் பழக்கம் உண்டு.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது சுவரில் இருக்கும் இந்தத் தப்பும், அன்று அந்தக் கம்பளத்தில் கால் வைக்காத உங்கள் பிடிவாதமும். இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் மௌனத்தை மட்டும் இன்றோடு இறக்கி வைக்கிறேன். இந்த மடலின் பிரதி ஒன்று கோயில் கமிட்டிக்குப் போகிறது.

செயலாளர் அவர்களுக்கு: தப்பு வரும். தேர் அன்று தோட்டத்துப் பிள்ளைகள் அதைக் கவ்வாத்துக் குச்சியில் காய்ச்சி, அடித்துக்கொண்டே முன்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருவார்கள். கல்லும் உள்ளே நடப்பட வேண்டும். சம்மதமா, இல்லையா? யாரிடமும் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். கையெழுத்திட்டு, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.