ஓலைக்கு எழுந்து நின்றவளுக்கு

இன்று காலை திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்க வெள்ளையாக ஏதோ இறங்கி நின்றது. மார்கழி மாதம். ஊருக்குப் புதிதாக வந்தவனாக இருந்தால் பனி என்று நினைத்திருப்பான். பேருந்துக்கு நின்றவர்களில் ஒருவரும் அப்படி நினைக்கவில்லை. ஆலைக்காரன் வாயுவை விட்டுவிட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். துண்டு, முந்தானை, சட்டைக் காலர் என்று கைக்குக் கிடைத்ததை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்கள். என் இடுப்பில் இருந்த உன் பேத்தி, இன்னும் சரியாகப் பேச்சு வராதவள், கவுனின் ஓரத்தைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடக்கக் கற்றுக்கொள்வதுபோல இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இதையும் கற்றுக்கொள்கிறார்கள். ஆலை வைத்திருப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாது. அவன் வேறு காற்றில் வளர்கிறான்.

கோபத்தோடுதான் நின்றிருந்தேன். பிறகு அந்தச் சின்னக் கையைப் பார்த்தேன். மலைப்பாதையில், பேருந்தின் ஜன்னலோரம், நீ மூக்கைப் பொத்திய கை நினைவுக்கு வந்தது. வேலை முடிந்து வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை ‘நீ’ என்றுதான் எழுதுகிறேன், அத்தை. முதல் தடவை ‘நீங்க’ என்றபோது, “நான் இன்னா ஹார்பர் ஆபீசரா? நீன்னு சொல்லு நைனா” என்றாய்.

அன்று கல்மண்டபம் மூலைக்கு, நீ மீன்கூடையோடு உட்காரும் இடத்துக்கு, நான் சண்டை போடத்தான் வந்தேன். இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை எனக்கு. வீடு புளியந்தோப்பில். உன் மகள் ஸ்டெல்லா தீப்பெட்டி ஆலையில் பெட்டி அடுக்குகிறவள். இருவரும் வேதக்காரர்கள். ஒரே ஜெபமாலை, ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தரும் நன்மை அப்பம். பெண் கொடுக்கிற பேச்சு வரும்போது மட்டும் நான் சேரிக்காரன், நீங்கள் கடற்காரர்கள். படகு வைத்திருந்த உன் அண்ணன்கள் இருவரும் என் காலை உடைப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீயும் அதையேதான் சொல்வாய் என்று நினைத்து, பதிலுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

நீ ஒரு சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாய். அந்த மீனை வாங்க நின்ற அம்மாள் போகிறவரை பேசவில்லை. பிறகு, “இன்னா பண்றதா கீற?” என்று கேட்டாய். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்றேன். நீ சிரித்தாய்.

“நோட்டீசு ஒட்டுவானுங்கோ. எங்க அண்ணன் வந்து கியிச்சிட்டுப் பூடுவான். ஓடிப் போறதுன்னா ஒயுங்கா ஓடணும் நைனா. கோயிலு இல்லாம ஓடனா, நாளிக்கி என் பேரப்புள்ளைக்கு ஞானஸ்நானம்னு எவன்கிட்ட போயி நிப்ப?”

பெண்ணைப் பெற்றவள் தன் பெண் ஓடிப்போவதற்குத் தானே திட்டம் போட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை. மனப்பாடம் செய்துவந்த வீரவசனம் ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

உங்கள் பங்குக் கோயிலில் கல்யாணம் நடக்காது என்பது இருவருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னார் மகளை மணக்கப் போகிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். கோயில் கொஞ்ச நேரம் மௌனமாக இருக்கும். அந்த மௌனம்தான் சம்மதம். எழுந்து நிற்கிறவன் கல்யாணத்தை நிறுத்த வந்தவன். அதற்கு முந்தின வருஷம் அப்படி ஒருவன் எழுந்து, “பையன் வேற ஆளுங்க சாமி” என்றான். திருச்சபைச் சட்டம் எதிலும் அது தடை கிடையாது. ஆனாலும் சாமியார் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். அந்தப் பையன் பம்பாய்க்குப் போனவன் திரும்பவில்லை.

மலைக்குப் போகலாம் என்று சொன்னதும் நீதான். உங்கள் பங்கில் முன்பு உதவிச் சாமியாராக இருந்த ஒருவர் அப்போது ஏற்காட்டில் இருந்தார். கண் வைத்தியத்துக்குச் சென்னை வந்தவரைத் தேடிப் போய், வஞ்சிரக் குழம்பைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாய். ஆயரிடம் அனுமதி வாங்கி மூன்று ஓலையையும் ஒரே ஞாயிறில் வாசித்து, மறுநாளே கல்யாணத்தை மந்திரித்து வைக்கிறேன் என்றாராம். ஒரே ஒரு நிபந்தனை. பெண்ணைப் பெற்றவர்களில் ஒருவர் கூட வந்து நிற்க வேண்டும்.

நீதான் வந்தாக வேண்டும். உன் வீட்டுக்காரர் உன் அண்ணன்களின் படகில் தொழில் செய்கிறவர். நீ மீன் எடுப்பதும் அவர்கள் போடும் ஏலத்தில். கூட வந்தது தெரிந்தால் உன் சோற்றில் மண் விழும். அதை நான் சொன்னபோது நீ அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டிருந்தாய். “அத்த நான் பாத்துக்கறேன்” என்றாய்.

ஏற்காடு எனக்குப் பிடிக்கவில்லை. வெயில் தாங்காத துரைகள் கட்டிய ஊர், இப்போது முதலாளிகள் கோடைக்கு ஓடுகிற ஊர், நமக்கு அங்கே என்ன வேலை என்று கத்தினேன். “அவனுங்கோ வெயிலுக்கு ஓடறானுங்கோ, நாம மன்சனுக்கு ஓடறோம். மலை இன்னா, அவன் அப்பன் வூட்டுதா?” என்றாய்.

வீட்டில் வேளாங்கண்ணிக்கு நேர்த்தி என்று சொன்னாய். மாதா பேரில் பொய்யா என்று ஸ்டெல்லா பயந்தபோது, அவளும் பெற்றவள்தான், புரிந்துகொள்வாள் என்றாயாம். கல்யாணப் புடவையை எங்கே ஒளிப்பது என்பதுதான் பெரிய பேஜாராக இருந்தது. ஒரே அறை வீடு. கடைசியில் கருவாட்டுக் கூடையின் அடியில் வைத்தாய். அதில் யாரும் கை விடமாட்டார்கள் என்பது சரி. புடவை என்ன ஆகும் என்று மீன் நடுவிலேயே பிறந்து வளர்ந்த உங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

புறப்படும் நேரத்தில் உன் வீட்டுக்காரர், அதிகம் பேசாத மனிதர், கடலுக்குப் போகும்போது போர்த்திக்கொள்ளும் கம்பளியைக் கொண்டுவந்து உன் கையில் வைத்தாராம். சேலம் வண்டியில் இதை நீ சொல்லிவிட்டு வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். “வேளாங்கண்ணிக்கு எவனாச்சும் கம்பளி குடுப்பானா நைனா?” என்றாய். அந்தக் கம்பளி உன் மடியிலேயே இருந்தது.

மலைப் பேருந்து வளைவுகளில் ஏறியது. நீ முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாய். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் முன்னே சாலை இல்லை. மரமும் இல்லை. எல்லாம் வெள்ளை. ஜன்னல் வழியாக அது உள்ளே வந்தது.

நீ கம்பியை விட்டாய். ஒரு கையால் முந்தானையை இழுத்து உன் மூக்கைப் பொத்தினாய், இன்னொரு கையால் ஸ்டெல்லாவின் மூக்கை. “மூக்க மூடு நைனா, வுட்டுட்டானுங்கோ” என்று என்னிடம் கத்தினாய். நானும் மூடினேன். மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எரிச்சலுக்காகக் காத்திருந்தோம்.

பின்னால் இருந்த தோட்டக்காரப் பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள். “பனிங்க அது. ஏனுங்க மூக்கைப் புடிக்கறீங்க?” என்றாள்.

நீ உடனே நம்பவில்லை. முந்தானையைக் கொஞ்சமாக இறக்கி முகர்ந்தாய். இன்னும் கொஞ்சம் இறக்கினாய். பிறகு கையை வெளியே நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாய். விரல் ஈரமாயிற்று. ஈர விரலை மோந்து பார்த்தாய். வாசனையே இல்லை. வெள்ளையாக, ஊரையே மூடுகிற அளவுக்கு ஒன்று வந்தும் அதில் அமோனியா இல்லை, கந்தகம் இல்லை, இருமல் இல்லை.

“இத்த யாரு வுட்றாங்கோ?” என்று கேட்டாய்.

“யாரும் வுடறதில்லீங்க. அதுவா வருதுங்க” என்றாள் அந்தப் பெண்.

அதுவா வருது, அதுவா வருது என்று நீ இரண்டு தடவை மெல்லச் சொன்னாய். பிறகு வாயைத் திறந்து மூச்சு இழுத்தாய், தாகத்தில் தண்ணீர் குடிக்கிற மாதிரி. எங்களையும் இழுக்கச் சொன்னாய். ஊர் வரும்வரை நீ கம்பியைப் பிடிக்கவும் இல்லை, ஜெபிக்கவும் இல்லை. மலை, ஏரி, பூ என்று மனிதர்கள் உருகுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அன்று நானும் வாயைத் திறந்து இழுத்தேன். யாரும் ‘விடாமல்’ வருகிற ஒன்றைப் பார்ப்பதற்கு உனக்கு இவ்வளவு வயதாகியிருந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் உன் முகத்தில் கோபம் இல்லை.

ஞாயிறு பூசைக்குக் காப்பித் தோட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில். எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தோம். பிரசங்கம் முடிந்தது. சாமியார் காகிதத்தை எடுத்து முதலும் முடிவுமான ஓலை என்று வாசித்தார். என் பேர், என் அப்பா பேர், புளியந்தோப்பு. ஸ்டெல்லா பேர், உன் வீட்டுக்காரர் பேர், உன் பேர், ராயபுரம். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார்.

மௌனம் வந்தது. அது முடிந்தால் போதும் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கம் சேலை சரசரத்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீ எழுந்து நின்றுகொண்டிருந்தாய்.

சொந்த ரத்தம் இழுத்துவிட்டது, அண்ணன்களின் தங்கைதானே என்று நினைத்தேன். ஸ்டெல்லா உன் புடவையைப் பிடித்து இழுத்தாள். கோயில் முழுக்க உன் பக்கம் திரும்பியது. சாமியாரின் முகம் வெளுத்துவிட்டது.

“நான் பொண்ணப் பெத்தவ சாமி” என்றாய். “தடை ஒண்ணும் இல்ல.”

சரிம்மா, தடை இல்லையென்றால் எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள் என்றார் அவர்.

நீ உட்காரவில்லை. “நீ கேட்ட இல்ல? கேட்டா யாருனா பதில் சொல்லணும் இல்ல? எங்க ஊர்ல தடை இல்லேன்னு சொல்றதுக்கு எவனும் எந்திரிக்கறதில்ல. அதான் நான் வந்தேன்.”

சொல்லிவிட்டு முக்காட்டைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாய். சாமியார் அடுத்த ஜெபத்தைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினார்.

நான் எத்தனையோ கூட்டங்களில் கை தட்டியிருக்கிறேன். ஆலை வாசலில் தொண்டை கிழியப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எதிர்க்கத்தான் எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆம் என்று சொல்லவும் ஒரு மனுஷி எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது, அதற்கும் அவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது என்பதை அந்தத் தரையில் உட்கார்ந்துகொண்டு வாய் பிளந்து பார்த்தேன்.

மறுநாள் காலை கல்யாணம். சாமியார் வீட்டுப் பூனை பீடம் வரை ஸ்டெல்லாவின் பின்னாலேயே வந்தது. கோயில் உபதேசியார் விரட்டியும் போகவில்லை. புடவையின் ஓரத்தை முகர்ந்து முகர்ந்து கத்தியது. மோதிரம் மாற்றுகிற நேரத்தில் சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீதான் பூனையைத் தூக்கிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றாய்.

திருவொற்றியூர்ப் பக்கம் வீடு எடுக்கிறோம், எங்களோடு வந்துவிடு என்று கெஞ்சினோம். கேட்கவில்லை. “ஓடனது நீங்கோ. நான் எதுக்கு ஓடறது? எனுக்கு வூடு கீது” என்று தனியாக இறங்கிப் போனாய். உன் அண்ணன்கள் உன்னை அடிக்கவில்லை. ஏலத்தில் உன் குரல் காதில் விழாததுபோல நடந்துகொண்டார்கள். நீ கேட்கிற கூடை எதுவும் உனக்கு விழவில்லை. அதன்பிறகு நீ எண்ணூர்வரை போய், அனல்மின் நிலையத்துச் சாம்பல் மிதக்கிற கழிமுகத்தில் பிடித்த மீனை எடுத்து வந்து விற்றாய். கேட்டால், “எண்ணூரு காத்து நல்லா கீது” என்று பொய் சொன்னாய். இந்த வருஷம் மழைக்கு முன்பு போய்விட்டாய். அடக்கத்தில் உன் அண்ணன்கள் முன்னால் நின்றார்கள். நான் கல்லறைச் சுவரோரம், ஊர்க்காரர்களுக்குப் பின்னால் நின்றேன். உன் வீட்டுக்காரர் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

போன ஞாயிறு உன் ஆத்துமத்துக்காகப் பூசை வைத்து, ஸ்டெல்லாவோடு உங்கள் கோயிலுக்கு வந்தேன். நன்மை வாங்குவதில் எனக்கு இப்போது அவ்வளவு நம்பிக்கை இல்லை. உனக்காக வந்தேன். ஓலை வாசித்தார்கள். வியாசர்பாடிப் பையன், ராயபுரத்துப் பெண். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் புதுச் சாமியார். உன் மூத்த அண்ணன் முன் பெஞ்சில் இருந்தார். அவர் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை, முழங்கால் தானாக நிமிர்ந்தது. நானாக ஏதோ பேச வாயைத் திறந்தேன். வந்தது உன் பேச்சு. “தடை ஒண்ணும் இல்ல சாமி. கேட்டா யாருனா பதில் சொல்லணும் இல்ல.”

சிலர் முறைத்தார்கள். பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். உன் அண்ணன் கனைத்ததோடு சரி. நான் திரும்பவும் உட்காரப் பார்த்தால், பெஞ்சில் இருந்தவர்கள் என் இடத்துக்கும் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டார்கள். அப்படியே நின்றேன்.

அப்போது இரண்டு பெஞ்சு முன்னால், உன் வீட்டுக்காரர், தோளில் அந்தக் கம்பளியோடு, திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. போய் உட்கார்ந்தேன்.