கீழத்தெருவுக்குப் போகாத தண்ணீர்

அன்பு மகள் யெர்லினுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் நானும் அப்பாவும் சுகம். பனி கொட்டும் அந்த ஊரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் பேச்சைக் கேட்காமல் வாழைக்கு மண் அணைக்கப் போய்விடுகிறார். போன வாரம் ஃபோனில், ஞானத்தாய் ஏன் பேச வரவில்லை என்று கேட்டாய், அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அது பொய். உன் ஞானத்தாய் சினியா எங்கேயும் போகவில்லை. என்னோடு பேச்சில்லை, காரணம் நான்தான்.

அன்னாசித் தோட்டத்துக் களைக்கொல்லி நம் ஊற்றில் இறங்கி, லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றதெல்லாம் உனக்கே தெரியும். நீ போன பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து மரிக்ரூஸ் என்ற பெண் வந்து ஊற்றுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டாள். புண் கழுவுவோமே, அந்தப் பெராக்சைடைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, புற ஊதா விளக்கு எரியும் எஃகுக் குழாய்க்குள் விடுகிறார்கள். வெளிச்சம் பட்டதும் அது வேகமெடுத்து விஷத்தை உடைத்துப் போடுமாம், மிச்சமீதியைக் கரித்தொட்டி பிடித்துக்கொள்ளுமாம். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத அளவு கலந்திருப்பதைக்கூட விடாது என்றாள். சோதித்தும் பார்த்தார்கள், சுத்தம் என்று வந்தது. ஆனால் தண்ணீரை மெதுவாகத்தான் விடமுடியும், இன்னொரு விளக்கு வரும்வரை பாதி ஊருக்குத்தான் காணும் என்றாள். எந்தப் பாதி என்று நானும் இருக்கிற தண்ணீர்க் கமிட்டி முடிவு செய்யவேண்டியதாயிற்று. கூட்டத்துக்கு முன்னாலேயே சினியா வந்து, “கைதூக்குறப்ப கீழ இருக்கிற எங்களையும் நெனச்சுக்க ஒடிலியா”ன்னு சொல்லிவிட்டுப் போனாள். முறை வைத்து விடலாமே என்று ஒருவர் சொன்னபோது, யாருக்குமே பத்தாது என்று மறுத்தது நான்தான். இரண்டு பக்கமும் சமமாக நிற்க, என் கை நம் மேலத்தெருவுக்கு உயர்ந்தது. பள்ளிக்கூடம் இங்கேதானே இருக்கிறது என்று காரணம் சொன்னேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது நம் வீட்டு அடுப்படிக் குழாய்தான் மகளே, உன்னிடம் என்ன மறைப்பு. குழாயில் அந்தத் தண்ணீர் வந்த அன்றைக்குப் போட்ட காபியை அப்பா ருசித்துக் குடித்தார், நான் என் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டேன். ஒரு குடம் நிரப்பிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “பிச்சை வேணாம்”னு சொல்லிச் சாத்திவிட்டாள்.

பிறகு மழை பிடித்தது. மலையிலிருந்து சேறு இறங்கி ஊற்று கலங்கிப்போய், கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் உள்ளே போகாது என்று மரிக்ரூஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். நமக்குக் குழாய் வந்துவிட்டதால் லாரியோ கீழத்தெருவுக்கு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. நாங்கள் கூரைத் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சினியா மழையோடு மேடேறி வந்து நம் வாசலில் ஒரு வாளி லாரித் தண்ணீரை வைத்தாள். “பிடி. மேலத்தெரு மகாராணிக்குத் தாகமா இருக்குமேன்னு கொண்டாந்தேன்”னாள். உள்ளே வா, காபி போடுகிறேன் என்றேன். “காபி போட உங்கிட்ட தண்ணி ஏது?”ன்னு கேட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டாள். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, முறை வைத்தே விடவேண்டும், ஒருநாள் மேலே ஒருநாள் கீழே, நான் கைதூக்கியது தப்பு என்று சொன்னேன். “அன்னிக்குப் பத்தாதுன்னு சொன்ன வாய்தானே இது”ன்னு பின்னாலிருந்து கத்தினார்கள். ஆமாம், அதே வாய்தான் என்றேன். இழுபறிக்குப் பிறகு நிறைவேறிற்று. நம் தெருவில் பாதிப்பேர் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், சினியாவும் பேச ஆரம்பிக்கவில்லை. நேற்று ஊற்று தெளிந்து விளக்கை ஏற்றி, முதல் முறையைக் கீழத்தெருவுக்குத் திறந்தார்கள். அவள் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மேட்டிலிருந்த எனக்குக் கேட்டது. இறங்கிப் போகக் கால் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. சினியாவுக்கு ஃபோன் போடு, ஆனால் எனக்காகப் பரிந்து பேசாதே, அது நான் செய்யவேண்டியது. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா ஒடிலியா