ஏழெழுத்துக் கட்டம்

ஜூன் 9, 2014. திங்கள்.
காலையிலேயே வெயில். விழுப்புரம் வரை பஸ்ஸில் நின்றபடி. ஆபீஸ் ஏ.சி. ரிப்பேர்.

வேலை: சமையலுக்கு ஆள் தேடித் தரும் எங்கள் ஆப்பில் தேடல் ரொம்ப மந்தம். இடத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி எழுத்துக் குறியீடு கொடுக்க வேண்டும். ஐந்து எழுத்து வைத்தால் கட்டம் ஐந்து கிலோமீட்டர், எங்கள் கெடார் பக்கத்து ஊர்களெல்லாம் ஒன்றாக விழும். ஏழு வைத்தால் தெருவே தனியாகத் தெரியும், ஆனால் தேடல் பட்டியலான இன்டெக்ஸ் வீங்கும். ஐந்து போதும் என்றேன். முதலாளி சார் தலையாட்டினார்.

அம்மாவும் இதில் சமையலுக்குப் பதிந்திருக்கிறாள். தினம் ஒரு வீட்டிலிருந்தாவது கூப்பிடுகிறார்கள். ஒரே குஷி.

ஜூன் 11.
திண்டிவனத்திலிருந்து ஒரு கஸ்டமர் அம்மா. சார் ஸ்பீக்கரில் போட்டார். "சமையல்ல குறையே இல்லீங்க. எங்கேர்ந்து வர்றாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லாருக்கும். ஊருக்குள்ளயா, காலனியான்னு..."

போனை வைத்துவிட்டு சார் என்னிடம், "ஏழு வச்சிடும்மா. மேப்புல தெருவு தெரியட்டும், அவங்களே பாத்து எடுத்துக்கினு போவட்டும். நமக்கு ஏன் பேஜாரு?"

சாதி என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. இன்டெக்ஸ் பெரிதாகுமே என்றேன். "ஆவட்டும்."

நான் எந்தப் பக்கம் என்று சாருக்குத் தெரியாது. என் பஸ் ஸ்டாப் பேர் மட்டும் தெரியும்.

ஜூன் 12.
புழுக்கம். ஏழு வைத்து எங்கள் ஊரிலேயே சோதனை. ஓடைக்கு ஒரு பக்கக் கட்டங்களில் ஊர். மறு பக்கத்தில் காலனி, மாதா கோயில், நாங்கள். நேற்று வரை ஒரே கட்டம். கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, ஊரைக் கட்டியதே அப்படி.

ஆத்திரமாக வந்தது. வேலையை விட்டால் தம்பி படிப்பு? மதியம் ஆப்பில் ஏழையே லைவ் செய்துவிட்டேன்.

வாங்க வேண்டியது: சீயக்காய், தம்பிக்கு செருப்பு.

ஜூன் 22. ஞாயிறு.
மேகமூட்டம், மழை இல்லை. பூசை முடிந்து வந்ததும் அம்மா போனை நீட்டினாள்.

"ஒரு வாரமா மணியே அடிக்கல. ரிப்பேரா பாரு கண்ணு. நீதான் கம்ப்யூட்டரு படிச்சவளாச்சே."

சார்ஜ் இருக்கிறது. டவர் இருக்கிறது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் என் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். யார் என்றுகூடப் பார்க்காமல் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா, சமையலுக்குத்தான? இதோ ஜல்தியா வர்றேன்."