குடும்பத்துக்குக் கட்டம் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

கோடு கோணலாக விழுந்த நோட்டுகளை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் எனக்கு டைரிப் பஞ்சம் இல்லை. நோட்டுப்புத்தகப் பட்டறை வைத்து நான் கண்ட சுகம் இது ஒன்றுதான்.

இன்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் அம்மா வந்தார். ஹெல்மெட்டைக் காகிதக் கட்டின் மேல் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். கட்டடம்? போடுங்கள். தீ? எங்கு பார்த்தாலும் காகிதம், முதலில் அதைப் போடுங்கள். கட்டிங் மெஷின்? பட்டறைக்கு உயிரே அதுதான், முழுசாகப் போடுங்கள். வேலையில் அடிபட்டால்? தைக்கிற பெண்கள் இருவரின் பெயரையும் கொடுத்தேன்.

"மெஷின்ல நிக்கிறாரே, அவரு?"

"அவரு எங்க அக்கா வீட்டுக்காரர்."

"சரி சார். தொழிலாளியா, பங்குதாரரா? ரெண்டுல எதுன்னாலும் கவர் உண்டு."

பதினோரு வருடமாகப் பட்டறையைத் திறப்பதும் பூட்டுவதும் மாமாதான். கண்ணால் அளவு பார்த்தே வெட்டுவார், நூல் பிசகாது. அவரைப் போய்த் தொழிலாளி என்று எழுதுவதா?

"அவரு குடும்பம்ங்க."

"குடும்பத்துக்கு இந்த ஃபார்ம்ல கட்டம் இல்ல சார்."

மூன்று தடவை கேட்டார். விட்டுவிடுங்கள் என்றேன். மெஷின் சத்தத்தில் மாமாவுக்கு எதுவும் கேட்டிருக்காது.

மார்ச் 5

"எல்லாருக்கும் போட்டாச்சா மாப்ள?" என்று மாமா கேட்டார். போட்டாச்சு மாமா என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சேர்த்துவிட வேண்டும்.

மே 19

மாமாவின் கை. எழுத வரவில்லை.

மே 21

அன்றைக்குக் கடைசிக் கட்டு. அடியில் மடங்கிய ஒரு தாளை இழுக்கப் போயிருக்கிறார். ஒரே ஒரு தாள்! வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு, "இன்சூரன்ஸ் இருக்குல்லடா? அந்தத் தெம்புலதான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

தலையாட்டினேன். ஆமாம் — ஆட்டினேன்.

அந்த "அடுத்த வாரம்" வரவே இல்லை.

மே 27

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து மெஷினை நாலு பக்கமும் படம் எடுத்தார். மாமாவின் மோதிரத்தில் பட்டு பிளேடு முனை கொஞ்சம் உடைந்திருக்கிறது. குனிந்து, அந்த முனையைத் தனியாக ஒரு படம். "கவலைப்படாதீங்க சார், புது பிளேடு வந்துடும்" என்றார்.

பிளேடு வந்துவிடும்.

ஜூன் 3

கடிதம் வந்தது. மெஷினுக்கு உண்டு. மாமாவுக்கு இல்லை, பட்டியலில் பெயரே இல்லை.

அக்கா உடனே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள். "பேர விட்டுட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்கியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?" தெருவுக்கே கேட்டிருக்கும். நான் மாமாவுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"விடு. நம்ம மாப்ள இருக்கான்ல, பாத்துப்பான்" என்றார் மாமா.

நான் நிமிராமல் உரித்துக்கொண்டே இருந்தேன். நாலு பழம். யாரும் சாப்பிடவில்லை.

ஜூன் 4

ஏஜென்ட் அம்மா போன் செய்தார். "உங்க அக்கா பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டேன். நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க சார்." வைத்துவிட்டார்.

கத்தியிருக்கலாம். அவருக்கு உரிமை உண்டு.

ஜூன் 9

மரியாதைக்காகத்தான் எழுதவில்லை என்று இத்தனை நாளாக எனக்கே கதை விட்டுக்கொண்டிருக்கிறேன். தொழிலாளி என்றால் மாமா மனசு நோகும், சரி. பங்குதாரர் என்று எழுதியிருக்கலாமே? அதற்கு எந்த மாமா கோபித்துக்கொள்வார்?

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் மனசு கணக்குப் போட்டது. இன்றைக்கு ஃபார்மில் பங்குதாரர் என்றால் நாளைக்குப் பட்டறையில் பாதி. அதான். அதுதான்டா உண்மை. குடும்பம் குடும்பம்னு வாய் கிழியப் பேசிட்டு, பங்குன்னு வந்ததும் அந்த மனுசன வெளிய நிறுத்திட்ட.

ஜூன் 15

சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டுச் சமையலறையில், மாமா இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடும்போது. ஏஜென்ட் கேட்டது, நான் விடச் சொன்னது, ஏன் விடச் சொன்னேன் என்பது — எல்லாம்.

அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய் ஏஜென்ட்டுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்கும் போட்டாச்சான்னு உங்கிட்ட கேட்டேன் மாப்ள."

"கேட்டீங்க மாமா."

மீதிச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. நான் கிளம்பி வந்துவிட்டேன்.

ஜூலை 2

புது பிளேடு வந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை. இப்போதெல்லாம் தைக்கிற பெண்கள்தான் மாமா வீட்டில் சாவி வாங்கி வந்து பட்டறையைத் திறக்கிறார்கள், பூட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாமா இன்று வேலைக்கு வந்தார். ஏஜென்ட் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். பங்குதாரர் கட்டத்தில் மாமா பெயரை நானே எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு நீட்டினேன். போன வாரம் முழுக்க இந்த நிமிடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா நிதானமாகப் படித்தார். இடது கையால் பேனாவைப் பிடித்துத் தன் பெயரை அடித்தார். கோடு கோணலாகப் போனது.

"தொழிலாளின்னு எழுதுங்கம்மா. ஒம்போதுல இருந்து ஆறு வரைக்கும் வேலை."

"மாமா, நான் மனசாரத்தான் —"

"தெரியுது. ரெண்டு விரல் போனப்புறம் வந்த மனசு. வேணாம்."

ஏஜென்ட் அம்மா என்னைப் பார்க்காமல் எழுதினார். மாமா நாள் முழுக்க எண்ணி அடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தார். தைக்கிற பெண்களிடம் வழக்கம்போல வம்பு பேசிச் சிரித்தார். என்னிடமும் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

சரியாக ஆறு மணிக்கு எழுந்து, சாவிக்கொத்தை என் மேசையில் வைத்தார்.

"நாளைக்கு ஒம்போது மணிக்கு வரேன், முதலாளி."

பட்டறையை நான்தான் பூட்டினேன். வெகுநேரம் ஆயிற்று. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று எனக்குத் தெரியவில்லை.